கடிகாரமே கட்டணமாக

கையில் எண்ணெய்க் கறை படிந்தவனுக்குக் கலாசாலையில் என்ன வேலை என்று கேட்போர் நம்மிடையே இன்னும் உளர். அன்னார் சுவீடன் தேசத்துக் கிறிஸ்தோபர் போல்ஹெம் என்பாரின் வரலாற்றைச் சிறிது நோக்குவாராக.

1661-ஆம் ஆண்டு விஸ்பி நகரிற் பிறந்த இவர், இளமையிலேயே தந்தையை இழந்து, படிப்பைத் தொடர வகையின்றிப் பண்ணை வேலைக்குச் சென்றார். அங்கே ஒரு சிறு பட்டறை அமைத்துக் கடிகாரங்களைச் செய்தும் பழுது பார்த்தும் வந்தார். ஆயின் அறிவு நூல்கள் லத்தீன் மொழியிலன்றோ இருந்தன! தாமே கற்க முயன்று தோற்றார். பின்னர் ஒரு குருவானவருக்கு நுட்பமான கடிகாரமொன்று செய்தளித்து, அதற்கு ஈடாக லத்தீன் பாடம் பெற்றார். சம்பளம் செலுத்திய மாணவர் பலரைக் கண்டுள்ளோம். கடிகாரம் செலுத்தியவர் இவரே போலும்.

உப்சாலா சர்வகலாசாலையின் கணிதப் பேராசிரியர் ஸ்போலே இவருக்கு வைத்த பிரவேசப் பரீட்சை யாது? ஓடாது கிடந்த இரண்டு கடிகாரங்கள்! இரண்டையும் ஓடச் செய்து, 1687-இல், 25 வயதைக் கடந்தபின், இவர் மாணவரானார். அந்நகர்ப் பேராலயத்தில் நெடுங்காலம் நின்றுபோயிருந்த வானவியற் கடிகாரத்தையும் செப்பனிட்டார். 1702-இல் நேர்ந்த பெருந்தீ அதனை விழுங்கிற்று.

பின்னாளில் ஷேர்ன்சுந்த் என்னுமிடத்தில் இவர் நிறுவிய தொழிற்சாலையில் நீர்ச்சக்கரங்களே யந்திரங்களை இயக்கின. இரும்பை மலிவாக அயல்நாட்டுக்கு விற்று, அதனாற் செய்த பண்டங்களை அதிக விலைக்கு வாங்குவது பேதைமை என்பது இவர் கொள்கை. பின்னர் அத்தொழிற்சாலையின் பெரும்பகுதி எரிந்தது. கடிகாரப் பகுதி தப்பியது.

இவருடைய 'யந்திர அரிச்சுவடி' என்னை மிகவும் கவர்கிறது. யந்திர உறுப்புக்களை மரத்தாற் சிறு மாதிரிகளாகச் செய்து, மாணவர் கையிற் கொடுத்துக் கற்பித்தார். நெம்புகோல், கப்பி, ஆப்பு, திருகு, அச்சுருளை ஆகிய ஐந்தும் உயிரெழுத்துக்கள், மற்றவை மெய்யெழுத்துக்கள். உயிரின்றிச் சொல் இல்லாதவாறுபோல் இவ்வைந்தின்றி யந்திரம் இல்லை என்பது கருத்து. தமிழர்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

"ஒரு மேதையைக் கொண்டு விதி வகுக்கலாகாது" என்று நண்பரொருவர் மறுத்தார். மேதை என்பது எப்பொழுது தெரிந்தது? ஸ்போலே அவ்விரு கடிகாரங்களை எடுத்து வைத்த பின்னரன்றோ? அவை வைக்கப்படாமையால் வாயிலிலிருந்தே திரும்பிய போல்ஹெம்கள் எத்தனை பேரோ! நம் பரீட்சைகளில் எழுதுகோலுக்கு மட்டுமே வேலையுண்டு. பௌதிகச் சாலையின் மூலையிற் பழுதுற்றுக் கிடக்கும் கருவிகளைப் பிரித்துப் பார்க்க, இலக்கிய வகுப்பினர் உட்பட மாணவர் யாவர்க்கும் வாரம் ஒரு மாலைப்பொழுது ஒதுக்கினால் என்ன?