இரத்தம் கேட்கும் இருட்டு

பிள்ளைக்காக ஏங்கிய பெற்றோரின் கதை பெண்ணாடத்துக்குப் புதிதன்று. சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் பிறந்தது இவ்வூரில் என்பர். மகப்பேறின்றி வாடிய அச்சுத களப்பாளர் தம் ஆசானை நாடினார். ஆசான் தேவார ஏட்டில் கயிறு சார்த்திப் பார்த்தார். வந்த பதிகம் திருவெண்காட்டுக்கு வழிகாட்டிற்று என்பது வழிவழி வந்த வரலாறு. நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் ஒன்றை நோக்குங்கள், தோழர்களே! அந்தக் கதையில் கயிறு உண்டு, ஏடு உண்டு, குளம் உண்டு. கத்தி இல்லை, குருதி இல்லை.

இன்று நம் வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சி சொல்லும் கதையோ வேறு. வாரம் ஒரு பேய்க்கதை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய். பித்துப் பிடித்தாற்போல் தந்தை. மண்டையோட்டு மாலையுடன் ஒரு மந்திரவாதி. உயிருக்கு உயிர் என்று ஒரு பேரம். பலி விழுகிறது, விளக்கு அணைகிறது, மாண்ட பிள்ளை வாசலில் வந்து நிற்கிறது!

நாடகம் எழுதுகிறவன் நான். அச்சச் சுவை கலைக்கு ஆகாது என்று கூறமாட்டேன். என் வழக்கு ஒன்றே: அந்தக் கதையில் மந்திரம் பலித்துவிடுகிறது! பலித்தபின் வரும் பேயைக் கண்டு நடுங்குகிறோம். பலிக்காமற்போன மறுநாட் காலையை எவரும் காட்டுவதில்லை.

அந்தக் காலையை நாடு கண்டது. 2021 சனவரி 24 இரவு, ஆந்திர மாநிலம் மதனப்பள்ளியில், வளர்ந்த மகள்கள் இருவர் தம் வீட்டிலேயே மாண்டு கிடந்தனர். கொன்றவர்கள் பெற்றோரே என்றது காவல்துறை. கலியுகம் முடிந்து சத்திய யுகம் பிறக்கும், பெண்கள் உயிர்த்தெழுவர் என்று அவர்கள் கூறியதாகச் செய்தி வந்தது. பொழுது விடிந்தது, யுகம் விடியவில்லை. கதிரவன் எழுந்தான்; கண்மணிகள் எழவில்லை. அந்தப் பெற்றோர் பள்ளி காணாப் பாமரரோ? அல்லர், பட்டம் பல பெற்றவர்கள். பின்னர் அவர்களை மனநல மருத்துவத்துக்கு அனுப்ப நேர்ந்தது. மருத்துவர் முன்பே வந்திருந்தால்? அந்தக் கேள்விதான் நெஞ்சைச் சுடுகிறது.

அடுத்த ஆண்டே, 2022 அக்டோபரில், கேரளத்து இலந்தூரில் இரு பெண்கள் நரபலியாக்கப்பட்ட செய்தி வெளிவந்தது. செல்வம் கொழிக்கும் என்று நம்பிச் செய்தனர் என்பது வழக்கு. மாண்டவருள் ஒருவர் நம் தருமபுரியிலிருந்து பிழைப்புத் தேடிப் போன தாய். செல்வமும் வரவில்லை; சென்ற தாயும் திரும்பவில்லை.

"கொலைக்குத்தான் சட்டம் இருக்கிறதே" என்பார் உளர். இருக்கிறது! ஆனால் அது பிணம் விழுந்தபின் வரும் சட்டம். பிணம் விழுமுன் வருவதற்கும் ஒரு சட்டம் வேண்டும். பூனாவில் மூடநம்பிக்கையை எதிர்த்து முழங்கிய மருத்துவர் நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் உயிரோடிருந்தபோது ஆண்டுக்கணக்கில் உறங்கிய சட்டம், அவர் சிந்திய குருதியில் விழித்தது. அவ்வாண்டே மகாராட்டிரத்தில் நிறைவேறிற்று. நரபலி, பேயோட்டுவதாகச் சொல்லி அடித்தல், அற்புதம் காட்டிப் பணம் பறித்தல் போன்றவை அங்கே குற்றம். தண்டனை ஆறு மாதம் முதல் ஏழாண்டு வரை. வழிபாட்டையோ விழாவையோ அது தீண்டவில்லை. கருநாடகமும் 2017இல் இத்தகைய சட்டம் இயற்றி, 2020இல் நடைமுறைப்படுத்திற்று.

பகுத்தறிவுப் பாசறை என்று பெருமை பேசும் தமிழ்நாட்டிலோ இதற்கென்று ஒரு தனிச்சட்டம் இல்லை! ஆடு, கோழி பலியைத் தடுக்க 1950இல் இங்கே சட்டம் வந்தது. 2004இல் அது நீக்கப்பட்டது. ஏழையின் குலசாமி விருந்தில் கைவைத்த சட்டம் போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால், ஆட்டுக்காக ஒருமுறை சட்டம் செய்து மறுமுறை அதை நீக்கிய மன்றம், மனிதக் குழந்தைக்காக ஒரே ஒருமுறை சட்டம் செய்யலாகாதா?

சட்டம் கேட்பதோடு நம் கடமை முடியவில்லை. மந்திரவாதியின் முதலீடு மடமை மட்டுமன்று, துயரம். பிள்ளை இறந்த வீட்டில் பதினாறாம் நாள் பந்தல் பிரிந்ததும் உறவு கலைகிறது, அயலார் வருகை நிற்கிறது, திண்ணை வெறிச்சோடுகிறது. அந்த வெறுமையில்தான் அவன் வந்து அமர்கிறான். அவனை ஏசுமுன், அந்தத் திண்ணையில் நாம் ஏன் இல்லை என்று கேளுங்கள். பிள்ளையில்லாதவளை மங்கல நிகழ்ச்சியில் ஒதுக்கும் நாக்கு நம் வீட்டிலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெண்ணாடத்துக் கிளைத் தோழர்களே! துக்க வீட்டுக்கு மாலையோடு ஒருநாள் போவது மரபு. மாதந்தோறும் போவதே தொண்டு. உறக்கமின்றிப் புலம்பும் தாய்க்கு மனநல மருத்துவரைக் காட்டுங்கள். 14416 என்ற அரசின் இலவசத் தொலைபேசி எண்ணைச் சுவரில் எழுதுங்கள். மாண்டவரை மீட்க நம்மால் ஆகாது, மந்திரவாதியாலும் ஆகாது. இருப்பவரைக் காக்க நம்மால் ஆகும். அவன் அந்த வாசலை மிதிக்குமுன் நாம் மிதிப்போம்!