கறுப்பைக் கறுப்போடு முறுக்கச் சொன்னவருக்கு

பழைய லொறிக்கு ஒட்சிசன் சென்சர் வாங்குவது பற்றி நம் மாவட்டத்து லொறிக்காரர்களுக்கு ஒருவர் எழுதிய அறிவுரையை வாசித்தேன். மரை பொருந்தி நாலு வயரும் இருந்தால் எந்தச் சென்சரையும் எந்த லொறிக்கும் பாவிக்கலாமாம். சொக்கற் ஒத்துவராவிட்டால் வெட்டிவிட்டு, நிறத்துக்கு நிறம் முறுக்கி ஈயம் பற்றவைக்கலாமாம். அதற்கும் காசில்லாதவர் சென்சரைக் கழற்றிவிட்டே ஓடலாமாம். எல்லாம் ஏழை உழைப்பாளியின் காசை மிச்சம் பிடிப்பதற்கு என்கிறார். மூன்றுமே பிழை. மூன்றாலும் காசை இழக்கப்போவது அவர் பரிந்து பேசும் அதே ஏழைதான்.

அவர் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. கிண்ணியா, மூதூர், வெருகல் என்று கரையோரம் ஓடும் பழைய லொறிகளில் பெரும்பாலானவை டீசல். பழைய இசுசு எல்ஃபிலோ மிட்சுபிஷி கன்டரிலோ இந்தச் சென்சரே கிடையாது. அவை கரும்புகை தள்ளினால் பார்க்க வேண்டியது இன்ஜெக்டரையும் டீசல் பம்பையும் எயர் ஃபில்டரையும். "பழைய லொறி" என்று பொத்தாம்பொதுவாக எழுதி, இல்லாத சாமானைத் தேடி ஒரு மனுஷனை உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைவரை பஸ் ஏற்றிவிடுவது அநியாயம். இந்தப் பேச்சு பொருந்துவது டவுன்ஏஸ், வனெற் போன்ற, பெற்றோல் இன்ஜெக்ஷன் வைத்த சின்ன லொறிகளுக்குத்தான்.

இனி அவருடைய நாலு வயர்க் கணக்கு. 1976இல் பொஷ் கம்பனியின் சென்சர் முதன்முதலாக வொல்வோ காரில் ஏறியபோது அதற்கு ஹீட்டர் இல்லை. முனை ஏறக்குறைய 300 பாகை சூடாகும்வரை அது வேலை செய்யாது என்பதால்தான் பிறகு ஹீட்டரும் கூடுதல் வயர்களும் வந்தன. வயரை எண்ணினால் ஹீட்டர் இருக்கிறதா என்று தெரியும். உள்ளே இருப்பது எந்த இனம் என்று தெரியாது. சாதாரண சிர்கோனியாச் சென்சர் தானே 0.1 முதல் 0.9 வோல்ட் வரை தரும். சில பழைய நிஸானில் வரும் டைட்டானியாச் சென்சர் வோல்ட்டே தராது. அதில் மாறுவது தடை. டொயோட்டா 1990களின் பிற்பகுதியில் கொண்டுவந்த எயர் ஃபியூவல் சென்சர் வேறொரு வகை, அதை எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியான ஈசியூ கரண்டால் அளக்கிறது. அதற்கும் நாலு வயர்தான். ஆனால் அதன் ஹீட்டரின் தடை இரண்டு ஓமை ஒட்டியது. சாதாரண டென்ஸோச் சென்சரில் பத்து ஓமுக்கு மேல். இரண்டாவதற்காகச் செய்த ஈசியூவில் முதலாவதை மாட்டினால் பல மடங்கு கரண்ட் இழுக்கும். எரியப்போவது ஈசியூவின் ஹீட்டர்ச் சுற்று. சென்சரில் மிச்சம் பிடித்த காசைப்போலப் பல மடங்கு அந்தப் பெட்டிக்குப் போகும்.

நிறத்துக்கு நிறம் முறுக்கச் சொன்னதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. டென்ஸோவின் நாலு வயர்ச் சென்சரில் வழக்கமாகக் கறுப்பு இரண்டும் ஹீட்டர், நீலம் சிக்னல், வெள்ளை சிக்னலின் எர்த். பொஷ் சென்சரில் வெள்ளை இரண்டும் ஹீட்டர், கறுப்பு சிக்னல், சாம்பல் எர்த். கறுப்பைக் கறுப்போடு முறுக்கினால் ஹீட்டருக்கு வரும் பட்டரியின் 12 வோல்ட், 0.9 வோல்ட்டைத் தாண்டாத முனைக்குள் ஏறக்கூடும். புதுச் சென்சர் முதல் சாவியிலேயே செத்துப்போகும். ஈயமும் கூடாது. பல சென்சர்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் வெளிக்காற்றை வயரின் இழைகளுக்கு இடையால்தான் எடுக்கின்றன. ஈயம் உருகி அந்த வழியை அடைத்தால் அளவு பிசகும். சொக்கற் இல்லாமல் வரும் யுனிவர்சல் சென்சர் பாவிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதே இனமாக, அதே ஹீட்டர்த் தடையோடு, உங்கள் எஞ்சினின் பெயர் பட்டியலில் இருக்கிறதாகப் பார்த்து வாங்கி, கூட வரும் இணைப்பியால் நெரித்து, நீர் புகாமல் மூடினால் அது ஓடும்.

கழற்றிவிட்டு ஓடினால் ஈசியூ குருட்டுக் கணக்கில், பெரும்பாலும் கூடுதலாகவே, பெற்றோல் ஊற்றும். பிளக்குகள் கரி பிடிக்கும், கற்றலிற்றிக் கொன்வேர்ட்டர் இருந்தால் அதுவும் சூடேறிக் கருகும். 2022 ஜூன் கடைசியில் ஒக்டேன் 92 லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியதையும், கியூஆர் காட்டி வரிசையில் நின்றதையும் பார்த்த ஊரில் இருந்துகொண்டு இப்படி எழுத அவருக்கு எப்படி மனம் வந்தது? புகைப் பரிசோதனையில் சான்றிதழ் கிடைத்துவிடுகிறதே என்கிறார். அங்கே பார்ப்பது புகைக்குழாயில் வரும் காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபனையும். உங்கள் செலவுக் கணக்கை அல்ல.

சரியான சென்சரைக் கண்டுபிடிக்க சேசிஸ் நம்பரை மட்டும் நம்பக்கூடாது. வாகன இறக்குமதியை 2020இல் நிறுத்தி 2025இல்தான் திறந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் நம்மவர்கள் பழைய லொறிகளுக்கு ரீகண்டிஷன் எஞ்சின் மாற்றி மாற்றித்தான் ஓட்டினார்கள். எஞ்சினோடு வயரிங்கும் ஈசியூவும் மாறியிருக்கும். ஆகவே எஞ்சின் புளொக்கில் அடித்திருக்கும் குறியீட்டையும், ஈசியூவின் ஸ்டிக்கரையும், பழைய சென்சரில் பொறித்த நம்பரையும் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கழற்றிய சென்சரையும் கையோடு கொண்டுபோங்கள். டொயோட்டாவில் மரைக்குப் பதிலாக இரண்டு நட் போட்டு இறுக்கும் வகையும் உண்டு.

அதற்கும் முன்னர் பழையது உண்மையில் செத்துவிட்டதா என்று பாருங்கள். சாதாரணச் சிர்கோனியா என்றால், எஞ்சினை நன்றாகச் சூடாக்கி 2500 ஆர்பிஎம்மில் பிடித்து மீற்றரை வையுங்கள். 0.1க்கும் 0.9க்கும் இடையே முள் பத்து விநாடியில் எட்டுத் தடவையாவது ஏறி இறங்கினால் சென்சர் நல்லது. நம் கடற்காற்றில் சென்சருக்கு முன்னால் உள்ள ஃபிளாஞ்ச் துருப்பிடித்து ஓட்டையாவது சாதாரணம். அதால் புகும் காற்றை நல்ல சென்சரும் எரிபொருள் குறைவு என்றே வாசிக்கும். எத்தனை புதுச் சென்சர் மாட்டினாலும் அந்த ஓட்டை அடைபடாது.

அறிவுரை எழுதியவர் அதைத் திரும்பப் பெற வேண்டும். ஏற்கெனவே அவர் பேச்சைக் கேட்டு முறுக்கியவர்கள் சாவியைத் திறக்காமல் பட்டரி வயரைக் கழற்றிவிட்டு, புதுச் சென்சரில் ஹீட்டர் வயர் எந்த இரண்டு என்று ஓம் மீற்றரால் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.