கையெழுத்துக்கு முன்னால்

ஜோகுபாளையத்தில் வாடகை அறையில் குடியிருக்கும் ஒரு கூலித் தொழிலாளியை நினைத்துக்கொள்வோம். மனைவிக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவம். தனியார் மருத்துவமனையில் குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது. மூன்றாம் நாள் இரவு ஒரு காகிதத்தை நீட்டுகிறார்கள். அது ஆங்கிலத்தில் இருக்கிறது. விளக்கம் கன்னடத்தில் வருகிறது. மறுநாள் கட்டவேண்டிய தொகை மட்டும் அவருக்கு நன்றாக விளங்குகிறது. கையெழுத்திட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர் வெளியேறினால், பெற்றோரின் விருப்பம் என்று எழுதிக்கொள்வார்கள். பணமுடைக்கு இப்படியும் ஒரு பெயர்!

செயற்கை சுவாசத்தை நிறுத்துவதற்கு நெறிமுறை இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-ல் வகுத்து, 2023 ஜனவரியில் எளிதாக்கிய முறைப்படி, மும்மூன்று மருத்துவர்கள் கொண்ட இரு குழுக்கள் ஒப்பவேண்டும், குடும்பத்தாரும் இசையவேண்டும். கர்நாடக சுகாதாரத் துறை 2025 ஜனவரி 30-ல் இதற்கான சுற்றறிக்கையை வெளியிட்டது வரவேற்கத்தக்கதே. முன்கூட்டியே விருப்பத்தை எழுதிவைக்கவும் அதில் இடமுண்டு. மூன்று நாள் சிசு எதை எழுதிவைக்கும்? அதற்காகப் பேசவேண்டியவர்கள் பெற்றோர்தாம்.

ஆனால் பெற்றோர் சொல்லே இறுதி என்றும் விட்டுவிட முடியாது. 1982-ல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தையொன்று உணவுக்குழாய் வயிற்றோடு சேராமல் பிறந்தது. அறுவை சிகிச்சை வேண்டாம் என்றனர் பெற்றோர், நீதிமன்றமும் தடுக்கவில்லை. ஆறே நாளில் குழந்தை இறந்தது. எழுந்த கண்டனத்தால் 1984-ல் சட்டமே திருத்தப்பட்டது.

பிழைக்குமா என்று சொல்லத் தெரிந்தவர் மருத்துவர். பிழைத்தபின் வளர்க்கவேண்டியவர் பெற்றோர். இருவரும் ஒரே மொழியில் உட்கார்ந்து பேசவேண்டும். அந்தப் பேச்சில் தாயும் இருக்கவேண்டும். பிரசவ வார்டில் படுத்திருப்பவளிடம் எல்லாம் முடிந்தபிறகு சொல்வது கொடுமை.

பணத்துக்கும் வழியில்லாமல் இல்லை. 2011-ல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி, அரசு மருத்துவமனைகளில் நோயுற்ற பச்சிளங்குழந்தைக்குச் சிகிச்சை, மருந்து, ரத்தம், வண்டி எல்லாம் இலவசம். வாணி விலாஸ் போன்ற அரசு மருத்துவமனை இதே ஊரில் இருக்கிறது. இதைத் தனியார் மருத்துவமனைகள் முதல் நாளே சொல்லவேண்டும். கையிருப்பு கரைந்து, குழந்தையும் நலிந்தபின் இடம் மாற்றுவது ஆபத்து.

அல்சூர் ஏரிக்கரையில் நம் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. இரவில் அழைத்தாலும் வந்து, மருத்துவர் சொல்வதைத் தமிழில் எடுத்துச்சொல்லக்கூடிய பத்துப் பேரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் சங்கம் திரட்டி, மருத்துவமனைகளுக்குக் கொடுத்துவைக்கலாமே!