யாருடைய போன்?
உத்திரமேரூரில் ஒரு இ-சேவை மையத்துக்குப் போயிருந்தேன். "ஓடிபி வந்துச்சாம்மா?" என்று கேட்டதும், எனக்கு முன்னால் நின்ற அம்மா சுருக்குப்பையைத் திறந்து, நான்காக மடித்த சீட்டு ஒன்றை நீட்டினார். அதில் இருந்தது மகனுடைய எண். மகன் ஒரகடத்தில் ஷிப்டில் இருந்தான்; வேலை முடியும்வரை போனை எடுக்க முடியாதாம். நூறுநாள் வேலையிலிருந்து அரைநாள் விட்டு வந்தவர், படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். மானிடவியலாளர் ஸ்ரீராம் வெங்கட்ராமனின் ஆய்வு எனக்கு நினைவுக்கு வந்தது. சென்னையின் தெற்கு எல்லையை ஒட்டிய, 'பஞ்சக்கிராமி' என்று அவர் புனைபெயரிட்ட ஊர்களில் 15 மாதம் தங்கிப் பார்த்து, 2017-இல் நூலாக்கினார். ஐடி நிறுவனங்களின் நிழலிலேயே வாழும் ஏழைக் குடும்பங்களில், கல்யாணமாகாத பெண்பிள்ளைகளுக்குப் போன் மறுக்கப்படுவதை அவர் பதிவு செய்திருக்கிறார். கூடவே வாழ்ந்தால்தான் கண்ணில் படும் சங்கதி இது. 'வீட்டில் போன் உண்டா?' என்று கணக்கெடுப்புப் படிவத்தில் கேட்டால், அந்த வீடுகளிலும் 'உண்டு' என்றுதான் பதில் விழும். இந்த அம்மா வீட்டிலும் அதேதான். ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலையில் பெயர் எழுத யாருக்குத் தகுதி என்று 35 வயது முதல் 70 வரை, நிலம், சொந்த மனை எல்லாம் குறித்து, சோழர் காலத்திலேயே கல்லில் வெட்டிய ஊர் உத்திரமேரூர். அவ்வளவு நுணுக்கம் இன்றைய கணக்கெடுப்புக்கும் வேண்டும். படிவத்தோடு வருகிறவர்களே, அந்த வீட்டுப் பெண்ணைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள்: போன் யார் கையில் இருக்கிறது?