கருவுற்ற தாயும் மனச்சோர்வு மருந்தும்

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் ஒரு பெண் கருவுற்றாளென்று தெரிந்தவுடனே, அவள் உண்ணத்தக்கன இவை, தகாதன இவையென வரையறுக்க ஊரார் அனைவரும் முற்படுவர். பப்பாளியும் அன்னாசியும் விலக்கப்படும். அவற்றோடு, மனச்சோர்வு நோய்க்கென அவள் உட்கொண்டுவந்த மாத்திரையும், வைத்தியரைக் கேளாமலே விலக்கப்படுவதுண்டு. பழங்களை விலக்குவதாற் பெருங்கேடு யாதுமில்லை. மாத்திரையைப்பற்றியே ஈண்டுச் சில கூறக் கருதுகின்றேம்.

இவ்வச்சம் காரணமின்றி எழுந்ததன்று. தாலிடோமைட் என்னும் மருந்தைக் கருவுற்ற மாதர் உண்டமையாற் பல்லாயிரம் சிசுக்கள் கைகால் குறைந்து பிறந்தமை 1961-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அதன்பின் எம்மருந்தையும் ஐயுறுதல் இயல்பே. கனடா நாட்டுக் கியூபெக் மாகாணத்தில் 1,45,456 குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்தோர், நான்காந் திங்கள் தொடங்கி மனச்சோர்வு மருந்துண்ட தாயரின் மக்களிடத்து ஆட்டிசம் என்னும் வளர்ச்சிக்குறை நூற்றுக்கு 87 பங்கு மிகுந்திருந்ததென 2015-இல் வெளியிட்டனர். கேட்போர் நடுங்கும் எண்ணே! ஆயின் அக்குழந்தைகள் அனைவருள்ளும் ஆயிரவர்க்கு எழுவரே அக்குறையுடையார். 87 பங்கு கூடினும் அது பதின்மூவர் அளவே யாம்.

அன்றியும், குழந்தையைத் தாக்கியது மருந்தோ, மருந்துண்ணக் காரணமாகிய நோயோ, குடிவழி வரும் இயல்போ என்பதன்றோ வினா? ஆராய்வோர் சிலர் சுவீடன் தேயத்து 15 லட்சத்திற்கு மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளினின்றும் உடன்பிறந்தாரை ஒப்பிட்டு 2017-இல் இதற்கு விடை தேடினர். ஒரு மகவைச் சுமந்தபோது மருந்துண்டு, மற்றொன்றைச் சுமந்தபோது உண்ணாத தாயரின் மக்களிடை ஆட்டிசத்திற் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. குறைமாதப் பிறப்பு மாத்திரம் சிறிது மிகுந்திருந்தது. 2022-இல் வெளிவந்த அமெரிக்க ஆராய்ச்சி, மருந்துண்ட 1,45,000-க்கு மேற்பட்ட கர்ப்பங்களை உண்ணாத 30 லட்சத்தோடு ஒப்பிட்டு அத்தகைய முடிபையே எய்தியது.

ஆதலின் இம்மருந்துகள் முற்றும் தீங்கற்றன என்று கூறுகின்றேமல்லேம். பரொக்செடின் என்பதனை, இதயக்குறை பற்றிய ஐயத்தால், வைத்தியர் கூடியவரை தவிர்ப்பர். பிறந்த சில நாள் சிசு நடுங்கியழுதலும் உண்டு. அது பெரும்பாலும் தானே தணியும். இச்சிறு தீங்குகளைத் துலாத்தின் ஒரு தட்டில் இடுவோர் மற்றைத் தட்டில் நோயை இட மறந்துவிடுகின்றனர். முன்னரே கடுஞ்சோர்வுற்று மருந்துண்ட 201 அமெரிக்கக் கர்ப்பிணிகளைப்பற்றி 2006-இல் வெளியான ஆராய்ச்சியில், மருந்தை நிறுத்தியோரில் நூற்றுக்கு 68 பேர்க்கும், தொடர்ந்துண்டோரில் 26 பேர்க்கும் நோய் மீண்டது. மீண்ட நோய் தாயை உண்ணவிடாது, உறங்கவிடாது. சிலரை உயிரையே வெறுக்கச் செய்யும். அவள் வயிற்றுக் குழந்தை அப்பொழுது நலமாயிருக்குமோ?

இஃது மேனாட்டார் நோயென்பாரும் உளர். வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்துக் கிராம மாதரை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டோர், நூற்றுக்கு 11 பேர்க்குப் பேற்றின்பின் புதிதாய்ச் சோர்வுநோய் உண்டானதைக் கண்டனர். குறைந்த வருவாய், ஆணை விரும்பிய வீட்டிற் பெண் பிறத்தல், மாமியாரோடு பிணக்கு, கையுதவிக்கு ஆளின்மை என்பன அவர் கூறிய காரணங்களுட் சில. இவற்றுள் எது நம் பக்கத்தில் இல்லை? கணவன் வளைகுடா நாட்டிற் கூலிக்கிருக்க, மக்காச்சோளக் காட்டிலும் பருத்திக் காட்டிலும் ஏழாந் திங்களிலும் குனிந்து களைபறிப்பவளை நாம் அறியோமா?

இந்தியாவில் மாவட்ட மனநலத் திட்டம் 1996-97-இல் முதன்முதல் தொடங்கிய நான்கு மாவட்டங்களுள் திருச்சிராப்பள்ளி ஒன்று. அதற்குச் சற்றுமுன், 1995-இலேயே, பெரம்பலூர் தனிமாவட்டமாய்ப் பிரிந்தது நம் ஊழ் போலும்! அரியலூரில் 2022 முதல் அரசினர் மருத்துவக் கல்லூரியே இயங்குகின்றது. இனி வேண்டுவது, மணமான பெண் கருவுறுமுன்னரே, மருந்தைத் தொடர்வதோ மாற்றுவதோ என வைத்தியரோடு இருந்து முடிவுசெய்தல். எல்லார்க்கும் மாத்திரை வேண்டுமென்பதுமில்லை. பாகிஸ்தானத்து இராவல்பிண்டிக் கிராமங்களில் சுகாதாரப் பணிப்பெண்கள் வீடுதோறும் சென்று முறையாக உரையாடியதனாலேயே, பேற்றின்பின் ஆறாந் திங்களில் நோயுற்றிருந்தோர், அம்முறை பெறாதாரில் நூற்றுக்கு 53 ஆக, பெற்றாரில் 23 ஆகவே இருந்தமை 2008-இல் நிறுவப்பட்டது. நம் கிராமச் சுகாதாரச் செவிலியரும் கர்ப்பிணியின் எடையையும் இரத்தத்தையும் சோதிக்கும்போது இரண்டு வினாக்கள் வினவலாம்: சென்ற ஒரு திங்களாக மனஞ்சோர்ந்து நம்பிக்கையற்றிருந்தாயோ? முன்பு விரும்பிச் செய்தவற்றில் விருப்பங் குன்றியதோ? அவ்வினாக்களைக் கேட்கும்பொழுது மாமியார் அருகிருத்தல் கூடாது.