மாட்டுக்கு மாலை, மேய்ச்சலுக்கு வேலி

மட்டக்குளியில், களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்துக்கு அண்மையில், நமக்கு வேண்டிய இளைஞன் ஒருவன் வாழ்கிறான். கொள்கலன் முற்றமொன்றில் கணக்கெழுதுபவன். ஈராண்டு காலம் மேலதிக நேர வேலை செய்து சேர்த்த பணத்தைக் கொண்டு, 2025 ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு மதுரைக்கு விமானம் ஏறினான். மீனாட்சியம்மனைத் தரிசிக்க அல்ல. அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டைக் காண. திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை தன் கைத்தொலைபேசியில் பிடித்து வந்த காட்சிகளை நமக்குக் காட்டினான். வாடிவாசல் வழியே காளை பாய்கிறது; தேங்காய் நார் பரப்பிய தரையில் இளைஞரொருவர் அதன் திமிலைக் கட்டிக்கொண்டு தொங்குகிறார்; மூன்று துள்ளல் தாங்கிவிட்டால் வெற்றி. காட்டிக்கொண்டிருந்தவனின் குரல் தழுதழுத்தது. “இது எங்கட வீரம், சேர்! இதைப் பார்க்காமல் தமிழனெண்டு சொல்லிக்கொள்ளக் கூடாது” என்றான்.

அவனுடைய களிப்பை எள்ளி நகையாடுவதற்காக நாம் இதனை எழுதவில்லை. உண்மையைச் சொன்னால், அக்காட்சிகளைக் கண்டபோது நமக்கும் மெய் சிலிர்த்தது. ஆனால் சிலிர்ப்பு அடங்கிய பின் எழவேண்டிய வினாக்கள் சில உண்டு. அவற்றை எழுப்பாதிருப்பதற்கென்றே இந்நாளில் விழாக்கள் பெருக்கப்படுகின்றன என்பது நம் குற்றச்சாட்டு.

ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் ஸ்பெயின் தேசத்துப் பம்ப்லோனா நகரில் நடைபெறும் விழாவை நம் வாசகர் அறிவர். வெள்ளையுடுத்துச் செந்துணி கட்டிய கூட்டம், ஏறத்தாழ 875 மீற்றர் நீளமான தெருவழியே ஆறு காளைகளுக்கு முன்னால் ஓடும். 1926 இல் வெளிவந்த ஹெமிங்வேயின் நாவலொன்று இவ்விழாவை உலகப் புகழாக்கிற்று. அன்று முதல் கடல் கடந்து வரும் வாலிபர்க்குக் குறைவில்லை. 1910 முதல் கணக்கிட்டால் இவ்வோட்டத்தில் 16 பேர் மாண்டிருக்கின்றனர். காலையில் ஓடிய காளைகளோ அதே மாலையில் அரங்கில் கொல்லப்படுகின்றன. வந்தவன் ஒரு காலைப்பொழுதின் அச்சத்தை விலைக்கு வாங்கி, ஊருக்குக் கதையாகக் கொண்டுபோகிறான். அவனுக்கு அக்காளையின் நேற்றும் தெரியாது; நாளை என்பதோ அதற்கு இல்லை.

நம்மவர் உடனே சீறி எழுவர்: ‘ஜல்லிக்கட்டில் காளையைக் கொல்வதில்லையே! அது வீட்டுப் பிள்ளைபோல் வளர்வதாயிற்றே!’ மெய்தான். வேளாண்மையோடும் மந்தையோடும் பிறந்த விளையாட்டு அது. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது அறியாமை. ஆயினும் அலங்காநல்லூரில் அவ்வாண்டு முதலிடம் பெற்ற காளைக்கு அளிக்கப்பட்ட பரிசு யாது தெரியுமா? ஓர் உழவு இயந்திரம்! எந்தப் பொறி வயலுக்குள் நுழைந்து ஏரிலிருந்து எருதை அவிழ்த்துவிட்டதோ, அந்தப் பொறியே காளைக்குப் பரிசு. இதைவிடக் கொடிய அங்கதத்தை எந்த எழுத்தாளன் புனைந்துவிட முடியும்? உழவை இயந்திரமும், நீரிறைப்பை மின்விசைப் பம்பும், பாலைக் கலப்பினப் பசுவும் எடுத்துக்கொண்டன. புலிக்குளமும் காங்கேயமும் வேலையிழந்த தொழிலாளரைப்போல் நின்றன. ஜல்லிக்கட்டு இல்லையேல் நாட்டு மாடு அழியும் என்கின்றனர். பாதி உண்மை. ஓர் இனம் வாழ்வது ஆண்டுக்கொரு நாட்பாய்ச்சலால் அன்று. மேயத் தரையும் செய்யத் தொழிலும் இருப்பதால். அத்தரையைப் பற்றி மேடையில் பேசுவோர் எத்தனை பேர்?

சி. சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ படித்தோர்க்கு இது புதிதன்று. அங்கே தந்தையைக் கொன்ற காரிக் காளையை மகன் அடக்குகிறான். தன் மதிப்புக் குலைந்த ஜமீன்தாரோ அக்காளையைச் சுட்டுவிடுகிறார். வீரம் ஏழையுடையது, காளை ஜமீனுடையது, துப்பாக்கியும் ஜமீனுடையது.

2014 மே 7 இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடுத்தது. 2017 ஜனவரியில் சென்னை மெரினாவில் இலட்சக்கணக்கான இளைஞர் திரண்டனர். அந்தத் திரட்சியை நாம் போற்றுகிறோம். தலைவரின்றி, சாதி மதம் கேளாது மாணவர் கூடியது சிறு காரியமல்ல. ஜனவரி 23 அன்று சட்டமும் நிறைவேறியது. அதே நாளில் பொலிசார் கடற்கரையைத் தடியால் வெறிதாக்கினர். அருகிலிருந்த நடுக்குப்பத்தில் மீன் விற்கும் பெண்களின் சந்தை எரிந்தது. காளைக்குச் சட்டம் கிடைத்த அதே நாளிற்றான் மீனவருக்குச் சாம்பல் கிடைத்தது. வெற்றி விழாவில் முன்னது பாடப்பட்டது. பின்னதை நினைவுகூர்ந்தோர் சிலரே.

(விலங்கின்பால் இரக்கம் பேசி வழக்காடிய கனவான்களுக்கும் ஒரு சொல். காளையின் வாலை முறுக்குவதைக் கண்டு கண்ணீர் விடும் நீங்கள், 2025 ஜனவரி 14 இல் அவனியாபுரத்தில் குத்துண்டு மாண்ட இளைஞரின் வீட்டு அடுப்பைப் பற்றியும் சிறிது கண்ணீர் மிச்சம் வைத்திருக்கலாம்.)

இவையெல்லாம் அக்கரைச் செய்திகள் என்று கைகழுவிவிட இயலாது. இக்கரைக்கும் அவ்விழா வந்தது. 2024 ஜனவரி 6 அன்று, திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில், இலங்கையின் முதலாவது ஜல்லிக்கட்டு நடைபெற்றது. அன்றைய கிழக்கு மாகாண ஆளுநரும் மலையகத் தொழிற்சங்கமொன்றின் தலைவருமான செந்தில் தொண்டமான் அதனை முன்னின்று நடத்தினார். மாட்டுப்பொங்கலுக்குக் கொம்பில் வர்ணம் பூசுவதும் வடக்கிலே மாட்டுவண்டிச் சவாரியும் நம் மக்கள் அறிந்தவை. வாடிவாசல் இங்கு இருந்ததில்லை. புதிய விளையாட்டொன்று வருவதில் நமக்கு ஆட்சேபமில்லை. அது வந்த இடமும் காலமுமே நம் நெஞ்சைக் குடைகின்றன.

சம்பூர் எத்தகைய மண்? 2006 இல் போரினால் மக்கள் ஊரோடு பெயர்க்கப்பட்ட மண். தம் வயலையும் கிணற்றையும் அவர்கள் கண்டடைய ஏறத்தாழப் பத்தாண்டுகள் சென்றன. அவர்களின் நிலத்தில் அனல் மின்நிலையம் எழுப்பத் திட்டமிட்டு, எதிர்ப்பின் பின் 2016 இல் அதனைக் கைவிட்டனர். பட்டியோடு பிரிந்து அலைந்த மக்கள் அவர்கள்.

காலத்தைப் பாருங்கள். அதே கிழக்கு மாகாணத்தில், மட்டக்களப்பு மாவட்டத்துச் சித்தாண்டியில், கால்நடைப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பர் 15 முதல் தெருவோரத்தில் அமர்ந்திருந்தனர். மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைகளைத் தங்களுக்கு மீட்டுத் தருமாறு கேட்டனர். தலைமுறைகளாகப் பட்டி அடைத்த அத்தரையிலே வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டோர் பயிர் செய்தனர். தரை மகாவலி அதிகார சபைக்குரியதென்று கூறப்பட்டது. மாடுகள் சுடப்பட்டும் வெட்டுண்டும் கிடந்தன. ஆதரவளிக்கச் சென்று திரும்பிய பல்கலைக்கழக மாணவர் சிலர் அவ்வாண்டு நவம்பரில் கைதாயினர். சம்பூரில் காளைகளுக்கு மாலை சூட்டப்பட்ட நாளில் சித்தாண்டிப் பந்தலில் நூற்றுப் பதின்மூன்று நாட்கள் கழிந்திருந்தன!

ஒரே மாகாணம். ஒரே ஆளுநர். இங்கே மாடு பண்பாடு. அங்கே மாடு தொல்லை. இங்கே ஓடவிட வாசல் திறந்தது. அங்கே மேயவிட வழியில்லை. அங்கு பயிரிட வந்த சிங்கள ஏழையை நாம் பகைவனென்று கூறவில்லை. சோளம் விதைக்கவென அவனை அழைத்து வந்து, பட்டிக்காரனுக்கு எதிரே நிறுத்தியவர் எவரோ, அவரையே கேட்கிறோம்.

இவற்றை அவ்விளைஞனிடம் கூறியபோது அவன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் சற்றுக் கோபத்தோடு, “அப்ப நாங்கள் சந்தோசப்படவே கூடாதோ சேர்? கொழும்பிலே பிறந்த எனக்கு மாடுமில்லை, வயலுமில்லை. என்ர அப்பப்பா தோட்டத்திலிருந்து வந்தவர். அங்க போய் நிண்டபோதுதான் எனக்கும் ஒரு ஊர் இருக்கெண்டு தோன்றினது” என்றான்.

இவ்விடத்தில் நாம் தடுமாறினோம் என்பதை மறைக்கவில்லை. தேநீருக்கு அணிதிரண்டு நிற்கும் கூலிகளின் பேரப்பிள்ளைகளுக்கு ஊர் வேண்டியிருக்கிறது. அப்பசியைப் பழித்தல் தகாது. அவ்வூரை விழாக்காரர் ஒரு நாளைக்கு வாடகைக்குக் கொடுக்கின்றனர். தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 2021 இல் 1000 ரூபாவென விதிக்கப்பட்டு, மூன்றாண்டுகள் அங்கேயே நின்றதை அவனுடைய அப்பப்பாவின் தோட்டத்து உறவினர் அறிவர். அந்தக் கூலிக்காக ஒரு வாடிவாசலும் திறக்கப்படவில்லை.

“மயிலத்தமடு எங்கே சேர் இருக்கு?” என்று இறுதியில் கேட்டான். மதுரைக்கு விமானம் ஏறியவன், கொழும்பிலிருந்து ஓர் இரவுப் பிரயாணத் தொலைவிலுள்ள ஊரை அறிந்திருக்கவில்லை. குற்றம் அவனுடையது மட்டுமா? அவனுக்குப் புவியியல் கற்பித்தவர் நம்மில் ஒருவரே. கரும்பலகையில் கிழக்கு மாகாணத்தை வரைந்தபோது அத்தரையின் பெயரை அவர் குறித்ததில்லை.