மூலம்தான் என்று இருந்துவிடாதீர்கள்

மலத்தில் இரத்தம் கண்டால் 'மூலம்தான்' என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். என் தமையனார் அப்படித்தான் இரண்டாண்டு களிம்பு தடவிக்கொண்டிருந்தார். உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது.

பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் சிறு சதை வளர்ச்சியாகவே தொடங்குகிறது. புற்றாக மாறச் சுமார் 10 ஆண்டுகள் ஆகும். தண்டவாளத்து மயிரிழை விரிசல் போல, அப்போதே கண்டுபிடித்தால் எளிதில் அகற்றிவிடலாம்.

எல்லாக் கட்டியும் ஒன்றல்ல. சுமார் 15 சதவிகிதத்தில் மரபணுப் பிழைகளைத் திருத்தும் ஏற்பாடே பழுதாகியிருக்கும். இது சில குடும்பங்களில் பரம்பரையாகவும் வரும். 2022-இல் வெளியான நியூயார்க் ஆய்வொன்றில், இவ்வகை மலக்குடல் புற்றுநோயாளிகள் 12 பேருக்கும் டாஸ்டார்லிமாப் மருந்திலேயே கட்டி மறைந்தது. அறுவைச் சிகிச்சை தேவைப்படவில்லை.

ஆகவே அன்பர்களே, கூச்சத்தை விடுங்கள். கட்டி என்றால், "எந்த வகை?" என்று மருத்துவரிடம் கேளுங்கள்.